இருப்புச்சட்டியில் இறங்கிய காற்று

கணவாய்விளைக்காரர்களுக்குக் காற்று ஒரு சொந்தக்காரர் மாதிரி. மேற்கே இரண்டு மலைகள் தோள் விலகி நிற்கிற இடைவெளி வழியாக வைகாசிக் கடைசியில் அது ஊருக்குள் வரும். வந்து ஓடுகளைத் தட்டிப் பார்த்து, கொடியில் கிடக்கும் வேட்டியை அடுத்த தெருவில் கொண்டுபோய்ப் போட்டு, குலை தள்ளிய வாழையைச் சாய்த்து, அடிவாரத்துக் காற்றாலைகளை எல்லாம் சுற்றவைத்து, களத்தில் தூற்றுகிறவர்களுக்குத் தொலியையும் மணியையும் பிரித்துக்கொடுத்துவிட்டு, புரட்டாசியில் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விடும். இருக்கிற வரைக்கும் ஏசுவார்கள், போன பிறகு தேடுவார்கள். அப்படிப்பட்ட காற்று ஒரு வருஷம் சுயம்புக்கனியின் வடைக்கடை இருப்புச்சட்டிக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்புவதற்கு யோசிப்பார்கள். உள்ளூர்க்காரர்களோ, "அதுக்கும் படுக்க ஒரு இடம் வேணும்லா" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

சுயம்புக்கனியின் கடை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, புளியமரத்தை ஒட்டிப் போட்ட ஓலைச் சாய்ப்பு. உளுந்தவடைதான் அங்கே பேர்போனது. வெளியே முறுகலும் உள்ளே பஞ்சுமாக, இடையிடையே மிளகு கடிபட, எண்ணெய் சொட்டச் சொட்ட அவள் அரித்துப் போடுகிற வடைக்காக ஒரு காலத்தில் அந்தத் தடத்து பஸ்ஸே நேரம் தவறி நிற்கும். பஸ்ஸை நிறுத்தியவர் லிங்கதுரை. வடை தின்ன இறங்கின டிரைவர், பிறகு வடை சுடுகிறவளைப் பார்க்க இறங்கினார், பிறகு மாலையோடு இறங்கினார். கல்யாணத்துக்குப் பிறகும் அவருக்கு அந்த வடையின் மேலிருந்த ஆசை குறையவில்லை. ஓய்வு பெற்றபின் காலையில் பாதி, மாலையில் பாதி என்று அவருடைய சாப்பாடே அதுதான் என்று ஆகியிருந்த நாளில், ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சிலேயே சரிந்தார்.

நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் அவர் பிழைத்தது பெரிய காரியம். டாக்டரம்மா நல்லவர், சுயம்புக்கனியைத் தனியே அழைத்து உட்காரவைத்துத்தான் சொன்னார். "இனிமே எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம்மா. அவரு உங்களுக்கு வேணும்னா, அது வேண்டாம்."

வீட்டுக்கு வந்தபின் லிங்கதுரை ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. தினமும் சாயங்காலம் கடைக்கு வந்து, அதே பெஞ்சில், ஒரு கிண்ணம் அவித்த கடலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வடை எண்ணெயில் விழும்போது எழும் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவர் கண்ணை மூடிக்கொள்வதைச் சுயம்புக்கனி பார்ப்பாள். கோபித்திருந்தால் அவளுக்குத் தாங்கியிருக்கும். தன் கையால் ஆசை ஆசையாகப் போட்டதெல்லாம் போய் அந்த மனுஷனின் நெஞ்சில்தான் அடைந்ததோ என்ற எண்ணம், மாவரைக்கும்போதும் அவளோடு சேர்ந்து சுற்றியது.

எண்ணெய் இல்லாமல் வடை சுட்டால் என்ன என்று அவள் இறங்கியது அதனால்தான். இட்லிக் கொப்பரையில் வைத்து அவித்தாள். அது வடை வேஷம் போட்ட இட்லியாக வந்தது. தோசைக்கல்லில் வாட்டினாள், வெளியே கரிந்து உள்ளே பச்சை மாவாக நின்றது. கடலை வறுக்கிறவர்களிடம் கேட்டுச் சுடுமணலில் புதைத்துப் பார்த்தாள், பல்லில் மணல் நெறுநெறுத்தது. லிங்கதுரை எல்லாவற்றையும் தின்றார். ஒவ்வொரு தடவையும், "நல்லாத்தான் இருக்கு" என்றார். உண்மையிலேயே நல்ல வடையாக இருந்தால் தின்று முடிகிற வரை அவர் வாய் பேசாது என்பது அவளுக்குத் தெரியும்.

அந்த வருஷம் காற்று வந்த நாளன்று அவள் சட்டியைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, துளி எண்ணெய்ப்பசை இல்லாமல் துடைத்து, எரிகிற அடுப்பின் மேல் வெறுமனே வைத்திருந்தாள். அடுத்து என்ன செய்து பார்ப்பது என்று தெரியாமல், பிசைந்த மாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கணவாய்ப் பக்கமிருந்து அது வழக்கம்போலத் தெருப்புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது; புளியமரத்தை ஒரு உலுக்கு உலுக்கியது; ஓலையைத் தூக்கிப் பார்த்தது; அடுப்பை அணைத்தது. பிறகு, நெடுந்தூரம் நடந்துவந்த ஆள் கண்ட இடத்தில் உட்காருவது போல, சட்டிக்குள் இறங்கி, ஒரு சுற்று சுற்றி, நாய் படுப்பதற்கு முன் சுற்றுமே அப்படி இன்னொரு சுற்று சுற்றி, அங்கேயே தங்கிவிட்டது. புளியமரம் அசைவதை நிறுத்தியது. சட்டிக்குள்ளிருந்து மட்டும் 'ம்' என்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. சுயம்புக்கனி குனிந்து பார்த்தாள். முகத்தில் அனல் அடித்தது. கையிலிருந்த மாவு நழுவி உள்ளே விழுந்தது.

விழுந்த மாவு அடியைத் தொடவில்லை. நடுவிலேயே மிதந்து, புரண்டு, மெல்லச் சிவந்து, ஓரமெல்லாம் மொறுமொறுத்து, அவள் அரிகரண்டியை நீட்டியதும் தானாக வந்து அதில் உட்கார்ந்தது. அவள் அதை ஊதிக்கூடப் பார்க்காமல் கொண்டுபோய் லிங்கதுரையின் கையில் வைத்தாள். அவர் கடித்தார். பிறகு ஒன்றும் பேசாமல் தின்றார், முழுசாகத் தின்று முடிக்கும்வரை. அவருடைய கண்ணோரம் நனைந்தது.

"ஏ கனி," என்றார் கடைசியில், "இத எப்படிப் போட்ட?"

"நான் போடல. காத்து போட்டுது."

"அப்படியா," என்றார் அவர். "ஒரு வாய் தண்ணி குடு."

அன்றைக்கே ஊர் வந்து பார்த்தது. வந்தவர்கள் சட்டிக்குள் எட்டிப் பார்த்து, "இதுதானா இந்தத் தடவ சத்தத்தையே காணோம்" என்றார்கள். பிறகு ஆளுக்கொரு வடை வாங்கித் தின்றார்கள். எண்ணெய் இல்லாதது வடையாகுமா என்று ஒரு வாரம் தர்க்கம் நடந்தது. தர்க்கம் செய்தவர்கள் வாயில் வடை இருந்ததால் அது சூடுபிடிக்கவில்லை. வடை பொதிந்து கொடுத்த பழைய செய்தித்தாளில் எண்ணெய் ஊறாமல் எழுத்தெல்லாம் தெளிவாகத் தெரியவும், ஊரில் வாசிப்பு கூடிப்போய், எப்போதோ ஓய்ந்த தேர்தலைப் பற்றிப் புதிதாகச் சண்டை போட்டுக்கொண்டார்கள். அம்மன்தான் அனுப்பிவைத்தாள் என்று கோயில்காரர்கள் சொன்னார்கள். மாதா கோயில்காரர்கள் அந்தோணியார் என்றார்கள். வெள்ளிக்கிழமை அம்மன் அனுப்பியதாகவும் ஞாயிற்றுக்கிழமை அந்தோணியார் அனுப்பியதாகவும் வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. மற்ற நாட்களில் அது தானாக வந்ததுதான்.

காற்றோடு பழகுவதற்கும் சில முறைகள் ஏற்பட்டன. பீடிப்புகை பட்டால் சட்டி இருமியது, அதனால் பீடிக்காரர்கள் புளியமரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றார்கள். சத்தம் போட்டுப் பேசினால் வடை ஒரு பக்கம் வேகாமல் வந்தது, அதனால் பஸ் நிறுத்தத்தில்கூட ஆட்கள் தணிந்த குரலில் பேசினார்கள். முதல் வடையைச் சுயம்புக்கனி யாருக்கும் கொடுக்காமல் அடுப்புத் திட்டில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் வடை இருக்கும், அதன் வாசனை மட்டும் இருக்காது. ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் பெரிய உருளியைக் கொண்டுவந்து, "இதுல வந்து இருக்கச் சொல்லுங்க, ரெண்டு நாளு போதும்" என்று கெஞ்சினார்கள். அது தலையைக்கூடத் தூக்கவில்லை. பிறகு கல்யாணத்தையே கடைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள்.

எண்ணெய்ச் செக்கு வைத்திருந்த தாணு அண்ணாச்சிதான் கொஞ்ச நாள் வரவில்லை. இத்தனை வருஷமும் சுயம்புக்கனிக்கு எண்ணெய் ஊற்றியவர் அவர். ஒரு நாள் காலி டின்னைத் தூக்கிக்கொண்டு வந்து, அதைக் கீழே வைத்து அதன் மேலேயே உட்கார்ந்தார்.

"தங்கச்சி, நான் இனி என்ன செய்யணும்?" என்றார்.

அவள் ஒரு வடையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "மொதல்ல இதத் தின்னுங்க அண்ணாச்சி."

"எனக்குக் கொழுப்பு இருக்குன்னு உங்க மைனி வடையக் கண்ணுல காட்டமாட்டா. நான் எண்ணெ விக்கியவன், வடை தின்னு எவ்வளவு நாளாச்சு தெரியுமா?"

"இதுல எண்ணெ இல்லல்லா. தின்னுங்க."

அவர் தின்றார். மறுநாள் அதே டின்னில் உளுந்து கொண்டுவந்தார். களத்திலிருந்து அவரே பார்த்து எடுத்த, கல் குறுணை இல்லாத உளுந்து. அதற்குப்பின் அந்த வேலையே அவருக்குப் பிடித்துப்போயிற்று.

டாக்டரம்மாவும் ஒரு நாள் காரில் வந்தார். வடையை வெள்ளைத் தாளில் வைத்து அமுக்கினார். தாள் வெள்ளையாகவே இருந்தது. தின்று பார்த்தார், இன்னொன்று கேட்டு வாங்கினார். லிங்கதுரையின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அளவா சாப்பிடுங்க" என்று மட்டும் சொல்லிப் போனார். அந்தச் சாயங்காலம் சுயம்புக்கனி சட்டியின் ஓரத்தில் கையை வைத்து, பிள்ளை முதுகைத் தடவுவதுபோல் தடவி, "நீ நல்லா இருக்கணும்" என்றாள். சட்டி கதகதவென்று இருந்தது.

இப்படியே ஆனி போய் ஆடி பிறந்தது. வடையைப் பார்த்துக்கொண்டிருந்ததில் அவள் வேறெதையும் பார்க்கவில்லை. அடிவாரத்துக் காற்றாலைகள் கை விரித்தபடி அசையாமல் நின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்ளும் இளைஞன் ஒருவன் காற்றை அளக்கும் கருவியோடு வந்து மலையடியில் பிடித்துப் பார்த்தான், முள் கிடந்த இடத்திலேயே கிடந்தது. கடைப் பக்கம் வந்தபோது முள் பிய்த்துக்கொண்டு சுழன்றது. அவன் சட்டியைப் பார்த்தான், பெஞ்சில் இருந்த லிங்கதுரையைப் பார்த்தான், வடை தின்றுவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனான். கொடியில் போட்ட துணி சாயங்காலம் வரை ஈரமாகவே கிடந்தது. இரவில் வீட்டுக்குள் படுக்க முடியாமல் ஆட்கள் பாயைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம் மேகங்கள் வந்து குவிந்து, தள்ளிவிட ஆள் இல்லாமல், சந்தைக்கு வந்த மாடுகள் மாதிரி நின்றுகொண்டிருந்தன. பனையோலை விசிறியை வீசிக்கொண்டே எல்லோரும் கடைக்கு வந்தார்கள். ஒருவரும் எதையும் சொல்லவில்லை.

தாணு அண்ணாச்சி ஒரு நாள் டின்னைக் காலியாகவே கொண்டுவந்தார்.

"உளுந்து இல்லியா அண்ணாச்சி?"

"இருக்கு." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "களத்துல தொலியோட கெடக்கு."

"ஏன் கெடக்கு?"

அவர் டின்னின் பிடியைத் திருகிக்கொண்டே நின்றார். மறுநாள் காலையில் அவளே களத்துக்கு நடந்தாள். அடித்துப்போட்ட உளுந்து தொலியும் தூசியுமாகக் குவியல் குவியலாகக் கிடந்தது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தார்கள், ஒரு குவியலுக்கே ஒரு வாரம் ஆகும் வேகத்தில். ஒருவன் வீட்டு மேசை விசிறியைக் கொண்டுவந்து நீள ஒயரில் மாட்டியிருந்தான். காற்றாலை நின்றதிலிருந்து கரண்டும் வருவதும் போவதுமாக இருந்ததால் அது நின்று நின்று சுற்றியது. வேலப்பன் என்ற விவசாயி, தினமும் கடைக்கு வந்து வாய் திறக்காமல் வடை தின்றுவிட்டுப் போகிறவன், அவளைக் கண்டதும் முறத்தைக் கீழே வைத்தான்.

"நீங்க ஏன் மைனி வெயில்ல வந்திய?"

"எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா வேலப்பா?"

"சொல்ல என்ன இருக்கு? நாங்க புடைச்சிக்கிடுவோம்." அவன் தலையைச் சொறிந்தான். "எல்லாரும் பேசித்தான் வச்சோம் மைனி. லிங்கண்ணன் வடை தின்னட்டும். அண்ணன் ஓட்டுன காலத்துல எங்க வீட்டுல பிரசவ வலின்னு சொன்னதும் பஸ்ஸ திருப்பிக்கிட்டுப் போயி ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்துனவரு. எங்களுக்கு ஒரு வருசம் உளுந்து போனாப் போகுது."

சுற்றியிருந்த பெண்கள் முறத்தை நிறுத்தாமல் தலையை மட்டும் ஆட்டினார்கள். அவர்கள் முகமெல்லாம் தூசி. வியர்வை அதில் கோடு கிழித்து இறங்கியது. சுயம்புக்கனியும் ஒரு முறத்தை எடுத்தாள். கொஞ்ச நேரம் அவர்களோடு உட்கார்ந்து புடைத்தாள். பிறகு எழுந்து கடைக்கு வந்து, நடந்ததை லிங்கதுரையிடம் சொன்னாள்.

அவர் திரும்பி மலையைப் பார்த்தார். அவர் ஓட்டிய தடமெல்லாம் அந்த மலை வழியாகத்தான் போனது.

"என் ஒருத்தன் நெஞ்சுக்காவ ஊரே மூச்சப் பிடிச்சிக்கிட்டு இருந்திருக்கு," என்றார். "எனக்குத் தெரியாமப் போச்சே."

"எனக்கும்தான்."

"அத அனுப்பிரு கனி."

"போனா திரும்பி வராதுங்க. அது ஒரு தடவ போன வழிய மறுபடி பாக்காது."

"வராட்டாப் போகட்டும். சுண்டல் இருக்கு. நீ இருக்க." அவர் அவள் கையைப் பிடித்தார். "நெஞ்சு அடைச்சி விழுந்த அன்னைக்கே போயிருக்க வேண்டியவன். இவ்வளவு நாளு தின்னாச்சு. இதுக்கு மேல வேணும்னு கேட்டா நான் மனுசனா?"

சுயம்புக்கனி சட்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ எங்கிருந்து வந்தியோ எனக்குத் தெரியாது," என்று அதனிடம் சொன்னாள். "எதுக்கு இதுக்குள்ள வந்தன்னும் தெரியாது. எங்க வீட்டு மனுசன எனக்குத் திருப்பித் தந்த. அதுக்கு நான் என்ன குடுத்தாலும் ஈடாகாது. ஆனா உனக்கு வேற வேலயும் இருக்கு மக்கா. களத்துல ஆளுக காத்துக் கெடக்காவ. மொதல்ல களத்துக்குப் போ. தூத்தி முடிஞ்ச பெறவு மேகத்தத் தள்ளு. மாத்திச் செஞ்சிராத, உளுந்து நனைஞ்சிரும்."

பிறகு லிங்கதுரை ஒரு பிடியையும் அவள் ஒரு பிடியையும் பிடித்துச் சட்டியைச் சாய்த்தார்கள்.

அது உடனே வெளியே வரவில்லை. தூங்கி எழுந்த பிள்ளைபோல விளிம்பில் கொஞ்ச நேரம் தயங்கியது. அவள் முந்தானையை ஒருமுறை இழுத்துப் பார்த்தது. லிங்கதுரையின் நரைத்த முடியைக் கலைத்தது. அதன்பின் புளியமரம் முழுசாக ஒரு பக்கம் சாய்ந்து நிமிர, தெருவிலுள்ள கதவெல்லாம் வரிசையாக அடித்துக்கொள்ள, ஊரின் கொடிகளில் கிடந்த துணியெல்லாம் ஒரே நேரத்தில் கைகால் முளைத்ததுபோல் எழுந்து ஆட, அது களத்தைப் பார்த்து ஓடியது. களத்தில் முறத்தைப் போட்டுவிட்டுக் கூடையைத் தூக்கினார்கள். தலைக்குமேல் தூக்கிச் சரித்த உளுந்து கருமணியாக நேரே காலடியில் விழ, தொலி மஞ்சள் புகையாகக் கிழக்கே பறந்தது. பொழுது சாய்வதற்குள் கடைசிக் குவியலும் தூற்றி, சாக்கில் கட்டி, வண்டியேற்றி முடிந்தது. சாக்கின் வாய் தைத்த பிறகுதான் மலைக்குமேல் முதல் மேகம் தலைகாட்டியது. அடிவாரத்தில் காற்றாலைகள் சுற்றத் தொடங்கின. சாரல் விழுந்தது. தெருவில் நின்றிருந்தவர்கள் ஒதுங்காமல் நின்று நனைந்தார்கள்.

அடுத்து வந்த நாட்களில் காற்று ஊரெல்லாம் இருந்தது, சட்டியில் மட்டும் இல்லை. அவள் அதில் எண்ணெய் ஊற்றவுமில்லை. அப்படிச் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை. பணியாரக்கல்லை எடுத்து, தாணு அண்ணாச்சி கொடுத்த நல்லெண்ணெயைத் துணியில் தொட்டுக் குழிகளில் ஒரு தடவு தடவி, உளுந்துமாவில் முருங்கைக்கீரையை உருவிப்போட்டு வேகவைத்தாள். அதை வடை என்றும் சொல்ல முடியாது, பணியாரம் என்றும் சொல்ல முடியாது. ஆனாலும் ஆட்கள் வந்தார்கள். வேலப்பன் தன் களத்து உளுந்தில் ஒரு சாக்கைக் கொண்டுவந்து கடை ஓரத்தில் வைத்துவிட்டு, எதற்கென்று சொல்லாமலே போனான். லிங்கதுரை அந்த உருண்டையைத் தின்று, "நல்லாத்தான் இருக்கு" என்றார். சுயம்புக்கனி சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார்.

ஒரு சாரல் நாளில், வேலை முடிந்து களத்துக்காரர்களும் வயல்காரர்களும் டீ குடிக்க வந்து சேர்கிற நேரத்தில், ஓலையைத் தள்ளிக்கொண்டு அதுவும் உள்ளே வந்தது. உடம்பெல்லாம் உளுந்துத் தொலி, வைக்கோல் துரும்பு, எங்கோ தோட்டத்தில் உரசி வந்த பிச்சிப்பூ மணம். பகலெல்லாம் உழைத்த ஆள்போல அதற்கு இரைத்தது. பெஞ்சில் இருந்தவர்கள் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"இவ்வளவு தூசியோட சட்டியில எறங்காத," என்றாள் சுயம்புக்கனி. "வெளிய போயி ஒதறிட்டு வா."

அது வெளியே போய்ச் சாரலில் ஒரு சுற்று சுற்றிவிட்டுச் சுத்தமாக வந்து, சட்டிக்குள் இறங்கி, 'ம்' என்றது. அவள் கைகழுவப் போன நேரத்தில் லிங்கதுரை எழுந்துவிட்டார். வாழ்நாளில் ஸ்டியரிங்கைத் தவிர எதையும் உருட்டாத கை அது. மாவை அள்ளி, உள்ளங்கையில் தட்டி, விரலால் ஓட்டை போட்டார். ஓட்டை ஓரமாகப் போய் வடை அறுந்து தொங்கியது. அப்படியே சட்டியில் போட்டார். காற்று அதை இரண்டு தடவை புரட்டிப் பார்த்து, அறுந்த முனையைச் சேர்த்து, நடுவில் சரியாக ஒரு ஓட்டையை ஊதிவிட்டு, பொறுமையாகச் சிவக்கவைத்தது.

அவர் அதை இலைத்துண்டில் வைத்துக் கொண்டுவந்து அவளிடம் நீட்டினார். "இரி," என்றார். "நீ என்னைக்காவது சூடா ஒண்ணு தின்னதுண்டா?"

அவள் யோசித்தாள். நினைவில் ஒன்றும் வரவில்லை. கடை முழுக்க ஆட்கள் வடைக்காக நின்றுகொண்டிருந்தார்கள், அவர்களில் யாரும் அவசரப்படுத்தவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, பிட்டு, ஆவி பறக்க வாயில் போட்டாள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார் லிங்கதுரை.

"இன்னொண்ணு போடுங்க," என்றாள்.